முப்பத்தொன்பதுக்கு எட்டு

போன ஐப்பசியில் தாண்டிக்குடி பாலமுருகன் சன்னிதியில் ஒரு வேண்டுதல் வைத்தேன். முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் வைக்கக் கூடாத வேண்டுதல். "முருகா, வண்டிக்கு இழுக்கிற சக்தியைக் குடு." வாய் தவறி வந்ததல்ல, மனமாரத்தான் கேட்டேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே வெட்கமாகிவிட்டது.

வண்டி என் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன பழைய டீசல் ஜீப். அறுபது சொச்சம் குதிரைத்திறன். எங்கள் நாலு ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் மண் தடம். அதில் மூட்டையும் மலைவாழைத் தாரும் ஏற்றி இறக்கியே வயசான வண்டி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது அதன் டயரை ரிம்மோடு மாற்றிவிட்டான். 6.00-16 போய், 31 இஞ்ச் விட்டத்தில் அகலமான டயர் வந்தது. "இப்பப் பாருங்கம்மா, கெத்தா நிக்குது" என்றான். நின்றது உண்மைதான். ஆனால் நிற்க வைக்கவா வண்டி வாங்கினோம்?

அவன் ஊருக்குப் போன மறுநாள், வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறுகிற இடத்தில் ஏழு மூட்டையோடு திணறியது. இரண்டாவதுக்கு வந்தேன். அதிலும் கிளட்ச் கருகும் வாடை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஏற்றம் இன்ஜின் பாடு, இறக்கம் கியர் பாடு. பிரேக்கை மட்டும் நம்பி வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கினால் பாதி வழியில் டிரம் சூடேறி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். சின்ன கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும்படி விடுவதுதான் முறை. பழைய டயரில் அந்தப் பிடி தோளில் கை வைத்து நிறுத்துவது போல இருக்கும். புது டயரில் சட்டை நுனியைப் பிடித்த மாதிரி இருந்தது. வண்டி என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

கோயிலுக்குப் போனது அன்று சாயங்காலம்தான்.

மறுநாள் காலையில் வெட்கம் தெளிந்து, சாக்பீஸை எடுத்தேன். டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. மூட்டை ஏற்றியபடியே ஒரு முழுச் சுற்று உருட்டி, மறுபடி தரையில் ஒரு கோடு. நடுவே 243 சென்டிமீட்டர். கழற்றிப் போட்டிருந்த பழைய சக்கரத்தை மாட்டி அதே மாதிரி அளந்தேன். 222. ஒரு சுற்றுக்கு 21 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகிறது. கேட்கும்போது லாபம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரே உழைப்பில் ஒன்பதரை சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும் என்றால் இழுவை அதே விகிதத்தில் குறைந்தாக வேண்டும். ஸ்பீடாமீட்டருக்கு இது எதுவும் தெரியாது. அது பழைய டயர் கணக்கிலேயே 50 என்று காட்டும்போது வண்டி 55-ஐ நெருங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கணக்கும் போட்டேன், அதில் சிரிப்பு வந்துவிட்டது. 21-ஐப் பை (π) மதிப்பால் வகுத்தால் 6.7 சென்டிமீட்டர். டயரின் விட்டம் அவ்வளவுதான் கூடியிருக்கிறது. அச்சு இருப்பது நடு மையத்தில், ஆகவே அடியில் கல் தட்டாமல் இருக்கக் கிடைத்த உயரம் அதில் பாதி. 3.3 சென்டிமீட்டர், இரண்டு விரல்கடை. என் மகன் கொடுத்த காசுக்கு வண்டி உயர்ந்தது இரண்டு விரல்கடை.

வத்தலக்குண்டில் எங்களுக்குப் பழக்கமான பட்டறைக்காரர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் பாய். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே எங்கள் ஜீப்பின் வைத்தியர். நான் சக்தி போய்விட்டது என்று ஆரம்பித்ததும் கையை அமர்த்தினார்.

"இன்ஜின் மாறல டீச்சர். சக்தி எங்கயும் போகல. பேரம்தான் கெட்டுப்போச்சு."

பின்பக்க டிஃபரன்ஷியல் கூட்டின் மூடியைக் கழற்றி, கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தின் பல்லை எண்ணச் சொன்னார். விரலில் எண்ணெய் வழிய எண்ணினேன். முப்பத்தொன்பது. அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் எட்டு. 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.875. மெக்கானிக்குகள் வாயில் அது 4.88. பினியன் 4.88 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். சுற்றில் எவ்வளவு இழக்கிறோமோ அவ்வளவு இழுவையாகத் திரும்பி வரும். கூடவும் வராது, குறையவும் வராது. உராய்வில் கொஞ்சம் போகும், அது சந்தைத் தரகு. டயர் பெரிதான அளவுக்குப் பல் கணக்கையும் மாற்றினால் பேரம் பழையபடி ஆகிவிடும். 4.875-ஐ 243-ஆல் பெருக்கி 222-ஆல் வகுத்தேன். 5.34 வந்தது. பழைய பெட்ரோல் ஜீப்புகளில் 43-க்கு 8 என்று ஒரு செட் உண்டு, 5.375. வேண்டிய இடத்துக்கு மிகப் பக்கத்தில்.

இன்னும் மெதுவான விகிதத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். என் மகன் போனில் காட்டியிருந்தான், கலிஃபோர்னியாவின் சியேரா நெவாடா மலையில் ரூபிகான் தடம் என்று ஒன்று. அதன் பெயரிலேயே ஜீப் கம்பெனி ராங்லர் ரூபிகான் விற்கிறது. அச்சில் 4.10, லோ ரேஞ்சில் 4. சில வருஷங்களுக்கு முந்தைய ஆறு கியர் மாடலில் முதல் கியரையும் சேர்த்துப் பெருக்கினால் 73. இன்ஜின் 73 சுற்று ஓடினால்தான் சக்கரம் ஒரு சுற்று. அதிலும் திருப்தி இல்லாமல் 35 இஞ்ச் டயர் போட்டு 4.88, 37 இஞ்ச் போட்டு 5.13 என்று மாற்றிக்கொள்கிறார்கள். மெதுவாகப் போவதற்காக இவ்வளவு செலவு செய்கிற மனிதர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்குப் பாறை. நீங்க திண்டுக்கல்லும் போகணுமே." கணக்கும் அவர் பக்கம்தான். டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் பழைய டயர், பழைய பல்லில் இன்ஜின் நிமிஷத்துக்கு 2,196 சுற்று. புது டயர், 43-க்கு 8-இல் 2,212. இதற்கு மேல் ஆசைப்பட்டால் மலையில் சுகம், சமவெளியில் காது கிழியும்.

கையைத் துடைத்துக்கொண்டே பாய் சொன்னார்: "எங்க ஓதல்லயும் தராசு வருது டீச்சர், ரஹ்மான் சூராவுல. வானத்தப் பத்திச் சொல்ற இடத்துலயே தராசும் வரும்." சொல்லிவிட்டு டீ வாங்கப் பையனை அனுப்பினார். அந்தத் தராசு எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் வெட்கத்துக்கு வருகிறேன். அருள் என்பது விகிதத்தை மீறுமா? மீறாது என்றால் சன்னிதியில் நின்று எதைக் கேட்கிறோம்?

எங்கள் ஊர்ப் பெயருக்கே ஒரு கதை சொல்வார்கள். முருகன் இந்த மலையிலிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனானாம், தாண்டிக்குதி தாண்டிக்குடி ஆயிற்றாம். பெயராராய்ச்சி எப்படியோ போகட்டும். அந்தத் தாண்டல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். கொண்டை ஊசி வளைவு இல்லை, கியர் இல்லை, ஒரே எட்டு. நாம் வேண்டுவதெல்லாம் அடிப்படையில் அந்த எட்டைத்தான்.

இதற்கு நேர் எதிரான கதை சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. மதுராந்தகம் தாண்டி அச்சிறுபாக்கம். அச்சு இற்ற பாக்கம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவனுக்குத் தேவர்கள் தேர் செய்து தருகிறார்கள். பூமியே தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரம், வேதங்கள் குதிரை, பிரமன் சாரதி. பிள்ளையாரை வணங்காமல் கிளம்பிவிட்டதால் அச்சு முறிந்தது. அருணகிரிநாதர் திருப்புகழின் பிள்ளையார் துதியிலேயே இந்த அச்சு பொடியாகிறது. அச்சு என்றால் நம்மவர்கள் உடனே குறளின் மயில் பீலி வண்டியை இழுத்து வருவார்கள். அது பாரத்தைப் பற்றிய பேச்சு. அச்சிறுபாக்கத்தில் பாரம் பிரச்சினையே இல்லை. உலகத்தைச் சுமக்கிறவனுக்குச் செய்த தேர் அது.

சென்னை போகிற வழியில் அங்கே இறங்கி ஆட்சீஸ்வரரைப் பார்த்தோம், நானும் என் அண்ணனும். அண்ணன் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய் வருகிறவர். அவருக்கு இதில் சிக்கலே இல்லை. "அது விளையாட்டும்மா. பிள்ளைக்குப் பெருமை சேர்க்க அப்பன் ஆடின ஆட்டம். அவனை எந்த விதி கட்டும்?"

எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் கதையின் முடிவில் தேரும் வில்லும் அம்பும் பயன்படவே இல்லை. சிவன் சிரித்தான், மூன்று ஊரும் எரிந்தன. சிரிப்பிலேயே எரிக்கிறவன் எதற்காகத் தேரில் ஏறினான்? ஏறாமல் இருந்திருந்தால் அச்சும் இல்லை, முறிவும் இல்லை. ஏறிவிட்டான், ஆகவே தேருக்கு உள்ள விதி அவனுக்கும் ஆயிற்று. முறிந்ததும் தேரைத் தூக்கி எறியவில்லை, செய்யாமல் விட்டதைச் செய்துவிட்டு அதிலேயே புறப்பட்டான். எனக்கு இந்தக் கதையில் சிரிப்பை விட அந்த இடம்தான் பெரிது.

"அப்படிப் பாத்தா," என்றார் அண்ணன், கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து, "உயிருக்குத் தனு, கரணம், புவனம், போகம் நாலையும் அவன் வினைக்குத் தக்கபடிதான் கூட்டி வைக்கிறான்." உடம்பு, மனம் முதலான கருவிகள், இருக்க உலகம், நுகரப் பொருள். இது அவர்கள் சாத்திரம். நான் விடவில்லை. "அப்ப அவன் புதுசா இன்ஜின் குடுக்கிறவன் இல்லை. பல்லை எண்ணிப் பொருத்துறவன்." அண்ணன் கோபிக்காமல், "பொருத்துறதுதான் அருள்னு வச்சுக்கயேன்" என்றார்.

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் எனக்கு அதில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போனபோது பாலமுருகனிடம் நான் கேட்டது தாண்டல். ஒரே எட்டில் அக்கரை. கிடைத்தது லோ கியர். வாரம் மூன்று நாள் திண்டுக்கல், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மிஷின், விடியற்காலையில் இதே ஜீப்பில் இறங்கி இருட்டில் ஏறுவது. இரண்டு வருஷம் பத்து மாதம். அந்த நாட்களில்தான் அவர் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார், பக்கத்து சீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு. "கியரை மாத்தாத, அப்படியே விடு, அது பிடிச்சுக்கும்." அதை அருள் என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை. இப்போதும் முழு மனசாகச் சொல்ல வரவில்லை. ஆனால் வேறு எதுவும் அல்ல என்றும் சொல்ல முடியவில்லை.

பட்டறையில் நான் செய்த கஞ்சத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். ஜீப்பில் முன் அச்சுக்கும் ஒரு கிரவுன் பினியன் உண்டு. "ரெண்டையும் மாத்துங்க டீச்சர், ஒண்ண மாத்துனா அது ரெண்டும் சண்டை போடும்" என்று பாய் தலையால் அடித்துக்கொண்டார். விலையைக் கேட்டதும், ஃபோர் வீல் எப்போதாவதுதானே போடுகிறோம், பின்னால் மட்டும் போதும் என்றுவிட்டேன். அவர் பினியனுக்கு அடியில் தாள் கனத்தில் ஷிம் தகடு வைத்து, பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி ஷிம் வைத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். தடம் பல்லின் நடுவே விழ வேண்டும், நுனியிலோ ஓரத்திலோ விழுந்தால் பல் போய்விடும். பின்சக்கரம் அருமையாக இழுத்தது. மூன்றாவது கியர் ஏற்றம் மூன்றாவது கியருக்கே திரும்பி வந்தது.

கார்த்திகை மழையில் அதற்கான கூலி கிடைத்தது. மண் தடம் களியாகிவிட்டது, ஃபோர் வீலும் லோ ரேஞ்சும் போட்டு இறங்கினேன். இந்த வண்டியில் ஃபோர் வீல் போடாமல் லோ விழாது. சேற்றில் ஒன்றும் தெரியவில்லை. சேறு இரண்டு பக்கத்துக்கும் விட்டுக்கொடுத்தது. சிமெண்ட் ரோட்டில் ஏறியதும் டயர் கிறீச்சிட்டது, ஸ்டீயரிங் கையை முறுக்கியது, பிரேக் போட்ட மாதிரி வண்டி நின்று நின்று போனது. பின்சக்கரம் 100 அடி போகும் நேரத்தில் முன்சக்கரத்துக்கு 110 அடி போகச் சொல்லி உத்தரவு. இரண்டும் ஒரே ரோட்டில். நெம்புகோலை இழுத்தால் வரவில்லை. உள்ளே எல்லாம் முறுக்கிக்கொண்டு இறுகிவிட்டது. மழையில் பாய்க்குப் போன் போட்டேன். அவர் சொல்லிக்காட்டவில்லை. "ரிவர்ஸ் போட்டு இருபது அடி பின்னால வாங்க, தானா விட்டுரும்." வந்தேன். கடகடவென்று ஒரு சத்தம், நெம்புகோல் கைக்கு வந்துவிட்டது.

மழை விடும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பாயின் தராசு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் களத்தில் ஒரு தராசு தொங்குகிறது. பழம் பறிக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. சாயங்காலம் நான்தான் நோட்டில் எழுதுவேன். 17 கிலோ 600 என்றால் 17 என்று எழுதுவேன். இலை, காம்பு, ஈரம் என்று மனசுக்குள் ஒரு காரணம். என் மாமியார் காலத்து வழக்கம், யாரும் கேட்டதில்லை. அதே நான், பாலமுருகனுக்கு நேர்ந்த 501 ரூபாயில் அந்த ஒரு ரூபாய் குறையாமல் பார்த்து உண்டியலில் போடுகிறவள். கோயிலில் ஒரு பல் கணக்கு, களத்தில் ஒரு பல் கணக்கு. சேறான நாட்களில் தெரிவதில்லை.

தை மாதம் முன் அச்சையும் மாற்றினேன். கழற்றிய பழைய செட்டைப் பாய் சாக்கில் கட்டிக் கொடுத்தார். களத்து மேடையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பறிக்க வருகிற பெண் ஒருத்தியின் மகள், ஏழாம் வகுப்புப் படிக்கிறவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 39-க்கும் 8-க்கும் பொதுவான வகுஎண் 1-ஐத் தவிர என்ன என்று கேட்டேன். "இல்ல டீச்சர், சார்பகா எண்" என்றாள். எனக்கு உள்ளே குளிர்ந்தது.

பினியனின் ஒரு பல்லிலும், அது விழுகிற கிரவுன் பள்ளத்திலும் குங்குமம் வைத்தேன். இரண்டு குங்குமமும் மறுபடி எப்போது சந்திக்கும்? 40-க்கு 8 என்று செய்திருந்தால் கிரவுன் ஒரு சுற்று வந்ததுமே சந்திக்கும். அந்தப் பல் வாழ்நாள் முழுக்க அதே ஐந்து பள்ளத்தில்தான் விழும், அதில் ஒரு உடைசல் இருந்தால் அந்த ஐந்தும் குதறிப்போகும். 39-க்கு 8-இல் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு பள்ளத்தையும் சந்தித்துவிட்டுத்தான் திரும்பும். 312 சந்திப்பு. ஒன்றின் குறை முப்பத்தொன்பதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காகும். வண்டி நீண்ட நாள் ஓட அதுதான் வழி, சந்தேகமில்லை. ஆனால் உடைந்த பல்லை ஒன்றும் செய்யாத முப்பத்தொன்பதும் தேய்கிறதே, அது நியாயமா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. என் மாமியார் தேய்த்த அறுநூறு கிராம் எத்தனை வீட்டில் போய் விழுந்ததோ.

தரையில் கிரவுனைக் கிடத்தி, பினியனைக் கையால் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள் அந்தப் பிள்ளை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு காப்பிப் பழத்தை ஓரமாக வைக்கச் சொல்லியிருந்தேன், முப்பத்தொன்பது வர வேண்டும். தராசடியிலிருந்து அவள் அம்மா கத்தினாள்: "டீச்சர், பதினெட்டு இருநூறு!" நான் நோட்டை எடுத்து 18.200 என்று எழுதினேன். நிமிர்ந்தபோது பிள்ளை கையில் பினியன் நின்றிருந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு பழத்தைத் தின்னுட்டேன். இருபத்தாறா, இருபத்தேழா?"

"முதல்ல இருந்து எண்ணு" என்றேன்.